வெப்லியைப் பார்க்கப் போகும் மகனுக்கு

ஹட்டன்

அன்புள்ள மகனுக்கு,

லீட்ஸ் நகரிலுள்ள ரோயல் ஆர்மரிஸ் அருங்காட்சியகத்துக்குப் போகவிருப்பதாக எழுதியிருந்தாய். அங்கே வெப்லி மார்க் 6 ரிவோல்வர் உன் கண்ணில் பட்டால், கொலைக்கருவிதானே என்று கடந்துவிடாமல், தேயிலைத் தொழிற்சாலை இயந்திரங்களோடு வாழ்ந்த உன் அப்பாவுக்காகச் சற்று நின்று, அது செய்யப்பட்டிருக்கும் விதத்தைப் பார்.

1887இல் பிரித்தானியப் படை ஏற்றுக்கொண்ட மார்க் 1இல் தொடங்கிய வரிசையில், 1915இல் வந்த கடைசி வடிவம் அது. பர்மிங்ஹாமில் செய்தார்கள். ஆறு அங்குலக் குழலும் ஒரு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட எடையும் கொண்டது. அதன் திறப்பு முறையே எனக்குப் பெரிய வியப்பு. பின்பக்கத்துக் கொக்கியைப் பெருவிரலால் அழுத்தினால், குழலும் தோட்டா உருளையும் முன்னாலுள்ள கீலில் மடிந்து கீழே சாயும். சாயும்போதே உருளையின் நடுவிலிருந்து நட்சத்திர வடிவான தகடு எழுந்து, ஆறு வெற்றுக் கோதுகளையும் ஒருசேர வெளியே தள்ளிவிட்டு, முழுவதும் திறந்ததும் தானாகவே தன் இடத்துக்குத் திரும்பிவிடும். சேற்றிலும் மழையிலும் கிடந்த படைவீரனுக்கு இதைவிட விரைவாக ஒரு வழியை அக்காலத்தில் யார் கொடுத்திருக்க முடியும்?

1975இல் தோட்டங்கள் அரசுடைமையாவதற்கு முன், தோட்ட மேலாளரான பெரிய துரை தமது வெப்லியைத் துடைத்து எண்ணெயிடுவதற்காக எங்கள் பட்டறைக்குக் கொண்டுவருவார். தோலுறையிலேயே வைத்திருந்ததால் அதன் ஒரு பக்கம் துருப்பிடித்திருந்தது. தோல் ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். நம் மலைப் பனிமூட்டத்தில் அது இரும்புக்குப் பகை.

சேகரிப்பாளர்கள் அதன் பழைய கருநீலப் பூச்சையே மதிக்கிறார்கள். தேய்ந்த விளிம்புகளைப் பளபளப்பாக்கி மறுபடி பூசினால் எழுத்துகளின் கூர்மையும் மதிப்பும் போய்விடும். .455 அங்குலத் தோட்டாவுக்காகச் செய்த உருளையின் பின்புறத்தைச் சீவி, அமெரிக்காவில் எளிதாகக் கிடைத்த .45 தோட்டாவுக்குப் பொருத்திய துப்பாக்கிகள் ஏராளம். அந்தத் தோட்டாவின் அழுத்தமோ இந்த இரும்பு தாங்கவேண்டிய அளவுக்கு மேற்பட்டது. நல்ல வேலைப்பாட்டை இப்படிச் சிதைத்திருப்பதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை. ஆகவே உருளையைப் பக்கவாட்டிலிருந்து பார். சீவாமல் இருந்தால் அதற்கும் சட்டகத்துக்கும் நடுவே அகன்ற வெளி தெரியாது.

அரசுச் சொத்து என்பதற்கான அம்பு முத்திரையையும் உடலில் தேடு. இரண்டு அம்புகள் முனையோடு முனை சந்தித்தால், படை அதை விற்றுவிட்டது என்று பொருள். படமெடுக்க விடுவார்களானால், அந்த முத்திரையையும் கொக்கியையும் அருகிலிருந்து எடுத்து அனுப்பு. அம்மாவும் தங்கையும் நலம்.

அன்புடன்,
அப்பா