ஃப்ரேசர் ஆத்துக்கு மீன் பிடிக்கப் போறவை அந்தச் சின்னச் செட்டையை ஒருக்கா பாருங்கோ

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன கிழமை உங்கட பேப்பரில, குடும்பத்தோட இங்க பிரிட்டிஷ் கொலம்பியாவில இருக்கிற ஃப்ரேசர் ஆத்துக்குப் போய் சால்மன் பிடிக்கிறதப் பற்றி வந்த கட்டுரையை வாசிச்சன். எங்கட சனம் லீவு நாளில வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடக்காமல் வெளிக்கிடவேணும் எண்டு எழுதினது நல்ல விஷயம், நானும் லாங்லி பக்கம் டெர்பி ரீச்சில, எட்ஜ்வாட்டர் பாரில தூண்டிலோட நிக்கிற ஆள்தான், அங்க இப்ப தமிழ்க் குரல் கேக்கேக்க உண்மையா சந்தோஷமா இருக்கு. ஆனா ஒரு லைசென்ஸ் எடுத்தாக் காணும், பிடிச்சதைக் கொண்டுவந்து குழம்பு வைக்கலாம் எண்ட மாதிரி கட்டுரையை முடிச்சிட்டியள். அதோட நீங்கள் போட்ட படத்தில ஒரு தம்பி செவுளுக்குள்ள விரலை விட்டுத் தூக்கிப் பிடிச்சிருக்கிற கோஹோ எண்ட சால்மனுக்கு வாலுக்குக் கிட்ட இருக்கிற சின்னச் செட்டை முழுசா இருக்கு. அது விட்டிருக்கவேண்டிய மீன்.

சால்மனுக்கு முதுகில நடுவில இருக்கிறது பெரிய செட்டை, அதுக்குப் பின்னால, வாலுக்குக் கிட்ட, முள்ளே இல்லாமல் ஒரு சின்னச் சதைச் செட்டை இருக்கும். ஹாச்சரியில, அதாவது குஞ்சு பொரிக்க வச்சு வளர்க்கிற இடத்தில, கனக்கக் கோஹோ குஞ்சுகளுக்கு அதை வெட்டிப்போட்டுத்தான் ஆத்தில விடுவினம். அந்த இடம் ஆறி மழமழ எண்டு இருந்தா ஹாச்சரி மீன், மீன்பிடி திறந்திருக்கிற காலத்தில வச்சிருக்கலாம். செட்டை இருந்தா ஆத்திலயே பிறந்த மீன் எண்டு கணக்கு, விடவேணும். மேல தொம்சன் ஆத்துப் பக்கம் போற கோஹோவை 2002இலயே அழியிற நிலையில இருக்கெண்டு நிபுணர் குழு அறிவிச்சது, 2016இல கொஞ்சம் தேறியிருக்கு எண்டுதான் சொல்லிச்சினம், முழுசாத் தப்பிச்சிட்டுது எண்டு சொல்லேல்லை. ஸ்டீல்ஹெட் ட்ரவுட்டின்ர நிலைமை அதைவிட மோசம், தொம்சன், சில்கோட்டின் ரெண்டு ஆத்து ஸ்டீல்ஹெட்டுக்கும் 2018இல அதே குழு அவசரமாக் கூடி அழியிற ஆபத்து எண்டு சொன்னது. அந்த மீனெல்லாம் எங்கட தூண்டிலுக்கு முன்னால நீந்தித்தான் மேல போகுது, வேற வழி அதுகளுக்கு இல்லை. தாடைக்குக் கீழ கத்தியால கீறின மாதிரி சிவப்புக் கோடு இருந்தா கட்த்ரோட் ட்ரவுட், கடலுக்குப் போய்த் திரும்புற சாதியும் இங்க இருக்கு, நான் எப்பவும் விட்டிடுறனான்.

விடுறதெண்டாலும் சும்மா கரையில கல்லுக்கு மேல இழுத்து, நாலு பேர் படம் எடுத்து, பிறகு காலால தள்ளி விடுறதில்லை. செதிலும் அதுக்கு மேல இருக்கிற வழுவழுப்பும் போனா மீன் தப்புறது கஷ்டம். கொளுக்கியின்ர எதிர்முள்ளைக் குறட்டால நசுக்கி வச்சிருக்கவேணும், அது சால்மனுக்குச் சட்டமும் கூட. மீனைத் தண்ணிக்குள்ளயே வச்சு, கையை நனைச்சுப் பிடிச்சு, கொளுக்கியைக் கழட்டி, தலையை ஓட்டத்துக்கு எதிராத் திருப்பிப் பிடியுங்கோ. கொஞ்சத்தில அதுவே வாலை ஒரு அடி அடிச்சிட்டுப் போகும்.

லைசென்ஸ் விஷயமும் எழுதேல்லை. மிஷன் ரெயில் பாலத்துக்குக் கீழ கடல் பெருக்கு வாற பகுதி, அதுக்கு மத்திய அரசின்ர லைசென்ஸ், பாலத்துக்கு மேல மாகாணத்தின்ர லைசென்ஸ், ஒண்டு மற்றதுக்குச் செல்லாது. சால்மனை வச்சிருக்கிறதெண்டா அதுக்கு ஸ்டாம்ப் எண்ட கூடுதல் அனுமதி வேற. கீழ்ப்பகுதியில சின்னப் பிள்ளையளுக்கும் லைசென்ஸ் எடுக்கவேணும், 16 வயசுக்குக் கீழ இங்க இருக்கிற பிள்ளையளுக்கு அது இலவசம். சினூக் எண்ட சால்மனை வச்சிருந்தா அங்கயே நிண்டு உடன பதியவேணும். முக்கியமா, எந்த மீன் எப்ப திறப்பு எண்டது சீசனுக்கு நடுவிலயே மாறும், போன வருஷம் பிடிச்சனாங்கள் எண்டு போய் நிக்க ஏலாது, பிங்க் சால்மன் எப்பிடியும் ஒற்றை வருஷத்திலதான் ஆறு நிறைய வரும்.

தண்ணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஈயத்தைக் கட்டி எறிஞ்சு, தடியில மணியைக் கொழுவிட்டு இருக்கிற ஆக்களுக்குத் தெரியும், கடல் பெருகி வரேக்க ஓட்டம் குறைஞ்சு குறைஞ்சு ஒரு கட்டத்தில கொளுக்கிக்கு முன்னால கொழுவுற ஸ்பின் அண்ட் க்ளோ எண்ட சுழலி சுத்துறதே நிண்டிடும். அந்த நேரம் பிள்ளையள் விளையாடுற மணல் திட்டுக்குப் பின்னால உள்ள பள்ளத்தில தண்ணி சத்தமில்லாமல் ஏறியிருக்கும், திரும்பி வர வழி இருக்காது. வத்துப் பெருக்கு நேரம் பாக்காமல் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ.

இன்னொண்டு, ஆத்தங்கரையில எங்கட ஆக்களே சொல்லிக் கேட்டு எனக்கு மனசு நொந்த கதை. எங்களுக்கு மூடிப்போட்டு முதற்குடி ஆக்களுக்கு மட்டும் வலை போட விடினம், இது என்ன நியாயம் எண்டு கேக்கினம். இதே ஆத்தின்ர வாய்ப்பகுதியில 1984இல மஸ்குயம் இனத்தைச் சேர்ந்த ரொனால்ட் ஸ்பாரோ கூடின நீளமான வலை போட்டதுக்குப் பிடிபட்டவர், அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் 1990இல தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பின்படி முதல்ல மீனைக் காப்பாத்துறது, அதுக்கு அடுத்தது அவையின்ர சாப்பாட்டுத் தேவை, அதுக்குப் பிறகுதான் மற்ற ஆக்கள். நாங்கள் பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுறம், அவையள் ஆயிரக்கணக்கான வருஷமா இந்த மீனைச் சாப்பிட்டு வாழுற சனம். 2009இல பத்து மில்லியனுக்கு மேல வரும் எண்டு எதிர்பாத்த சொக்கை (sockeye) சால்மன் ஒண்டரை மில்லியன் அளவிலதான் வந்தது, அதுக்கு விசாரணைக் கமிஷனே வச்சவை. அடுத்த வருஷம் முப்பது மில்லியனுக்குக் கிட்ட வந்திச்சுது, அப்பிடி ஏறி இறங்குற ஆறு இது. 2018 கடைசியில பிக் பார் கிட்ட மலை சரிஞ்சு ஆத்துக்குள்ள விழுந்து, 2019இல மீனை ஹெலிகொப்டரில ஏத்தி மேல கொண்டுபோய் விட்டவை. இவ்வளவு பாடுபட்டு ஏத்தி விடுற மீனின்ர சாதியைத்தான் நாங்கள் கீழ நிண்டு பிடிக்கிறம்.

ஆசிரியர் ஐயா, உங்களிட்டக் கேக்கிறது ரெண்டு விஷயம். அந்தப் படத்துக்கு அடுத்த இதழில ஒரு திருத்தம் போடுங்கோ, தம்பியின்ர முகத்தை மறைச்சு, மீனின்ர செட்டையை வட்டம் போட்டுக் காட்டினாலே காணும். மற்றது, ஆவணியில இருந்து ஐப்பசி வரைக்கும் மீன்பிடி இலாகாவின்ர அறிவித்தலைக் கிழமைக்குக் கிழமை தமிழில ஒரு மூலையில போடுங்கோ. இங்கிலீஷில வாற நோட்டீஸ் எங்கட வயசான ஆக்களுக்கு விளங்காது, அவையைக் கரையில அதிகாரி பிடிச்சு ஃபைன் எழுதேக்க பாக்கவே கஷ்டமா இருக்கும். மொழிபெயர்க்க ஆள் இல்லையெண்டா நான் எழுதி அனுப்புறன், வியாழக்கிழமைக்கு முதல் உங்கட கையில கிடைக்கும்.

இப்படிக்கு,
சறேயில இருந்து ஒரு வாசகர்