யார் போகச் சொன்னார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் பாய்மரப் படகில் உலகைச் சுற்றுகிறவர்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. கடைசிப் பத்தியில், கொள்ளையரிடம் சிக்கியவர்களைப் பற்றி உங்கள் கட்டுரையாளர் ஒரு வரி எழுதியிருக்கிறார்: 'பணம் படைத்தவர்களின் பொழுதுபோக்கு இது, யார் போகச் சொன்னார்கள்?'

நான் இருபத்தெட்டு வருஷம் கப்பலில் இருந்து, போசனாக, அதாவது மேல்தள மாலுமிகளின் தலைவனாக, ஓய்வு பெற்றவன். இந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்குப் புதிதில்லை. 2010இல் நான் ஏடன் வளைகுடாவில் இருந்தபோது, சம்பளம் வரவில்லையே என்று விசாரிக்கப் போன என் மனைவியிடம் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் இதையேதான் கேட்டார். "சோமாலியாப் பக்கம் யாரும்மா போகச் சொன்னது?" போகச் சொன்னதே அவருடைய ஆபீஸ்தான்.

சரி, பணம் படைத்தவர்கள் என்கிறாரே, அதற்கு வருகிறேன். 2009 அக்டோபரில் செஷல்ஸிலிருந்து தான்சானியாவுக்குப் போகும் வழியில் 'லின் ரைவல்' என்ற படகோடு பிடிபட்ட பிரிட்டிஷ் தம்பதியைப் பற்றித் தங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஓய்வு பெற்றவர்கள். 38 அடிப் படகுதான் அவர்களுக்கு வீடு. அவர்களைப் படகிலிருந்து வேறு கப்பலுக்கு மாற்றியதை பிரிட்டிஷ் கடற்படைத் துணைக்கப்பல் ஒன்று பக்கத்திலிருந்தே பார்த்தது. சுட்டால் அவர்கள் உயிருக்கே ஆபத்து என்று சும்மா இருந்தது. 388 நாள் சோமாலியாவில் வைத்திருந்தார்கள். அரசாங்கம் பணம் தராது என்று கைவிரித்துவிட்டது. அவர்களை மீட்க ஓடியாடியவர்களில் ஒருவர் லண்டனில் டாக்ஸி ஓட்டிய சோமாலியர். இதற்குப் பெயர் பணக்காரப் பொழுதுபோக்கா?

பணத்தைவிட வேகம்தான் இதில் பெரிய விஷயம். பாய்ப்படகு காற்று நன்றாக இருந்தால் ஐந்தாறு நாட் (மணிக்கு ஐந்தாறு கடல் மைல்) போகும். கொள்ளையனின் ஸ்கிஃப், அதாவது சின்ன மோட்டார் படகு, இருபதைத் தாண்டும். எங்கள் கப்பலின் பக்கச்சுவர் மாடி உயரம், அதற்கு மேல் பிளேடு கம்பிச் சுருள், போதாததற்கு நெருப்பணைக்கும் ஹோஸில் தண்ணீர்ப் பீய்ச்சல். படகில் ஏறுவதற்கோ ஏணிகூட வேண்டாம், காலைத் தூக்கி வைத்தால் போதும். ஏடன் வளைகுடாவில் கப்பல்களைக் கூட்டமாக அனுப்பும் ஏற்பாடு இருந்தது, அதில் சேர குறைந்தது பத்து நாட் வேகம் வேண்டும். பாய்ப்படகுக்காரருக்குக் கடற்படைகள் சொன்ன யோசனை ஒன்றே ஒன்று: வராதீர்கள்.

2010இல் நானே பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பழைய பாய்லர் சூட்டுகளில் காட்டன் வேஸ்ட்டைத் திணித்து, ஹெல்மெட் மாட்டி, துடைப்பக்கட்டையைத் துப்பாக்கி மாதிரி கையில் கட்டி, ரெயிலிங் ஓரமாக ஆள் பொம்மைகள் நிறுத்தியிருந்தோம். தைத்தது நான். விடியற்காலை வாட்சில், முன்னால் ஒரு வெள்ளைப் பாய் தெரிந்தது. பைனாகுலரில் பார்த்தால் இரண்டே பேர். நீலத் தொப்பி போட்ட ஒரு வயதான அம்மாள் ஓரக் கம்பியில் துண்டு காயப்போட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் ரேடியோவில் சேனல் 16இல் அவர் குரல் வந்தது. நீங்கள் வந்த வழியில் ஸ்கிஃப் ஏதாவது பார்த்தீர்களா என்று கேட்டார். கேப்டன் கையை அசைத்தார், பதில் சொல்லாதே என்று. கம்பெனி உத்தரவு அப்படி, குறை சொல்லமாட்டேன். இரண்டாம் முறையும் கேட்டார். நான் பிரிட்ஜுக்கு வெளியே போய் கையை ஆட்டினேன். அவரும் ஆட்டினார். ஒரு மணி நேரத்தில் பாய் கண்ணிலிருந்து மறைந்துவிட்டது.

2011 பிப்ரவரியில் 'குவெஸ்ட்' படகில் மும்பையிலிருந்து ஓமனின் சலாலாவுக்குப் போன நான்கு அமெரிக்கர்களும் கொள்ளையரிடம் சிக்கி, சுற்றிலும் அமெரிக்கப் போர்க்கப்பல்கள் நிற்கும்போதே கொல்லப்பட்டார்கள். அந்தச் செய்தி வந்த அன்று எனக்கு அந்த நீலத் தொப்பிதான் நினைவுக்கு வந்தது. அதே வாரம் ஒரு டென்மார்க் குடும்பம் மூன்று பிள்ளைகளோடு பிடிபட்டது. அந்தப் பிள்ளைகளிடமும் யார் போகச் சொன்னார்கள் என்று கேட்கலாம்.

'கடற்கொள்ளை பழங்கதை' என்றும் எழுதியிருக்கிறார். 2023 டிசம்பரில் கடத்தப்பட்ட 'ருயென்' கப்பலை மூன்று மாதம் கழித்து நம் கடற்படை மீட்டு, 35 கொள்ளையரைப் பிடித்ததே, அது எந்தக் காலத்துப் பழங்கதை? ஒரு நாட்டின் கடல் எல்லை '12 மைல்' என்று போட்டிருக்கிறார், அது கடல் மைல். அந்த எல்லைக்குள் நடந்தால் சட்டப்படி அது கடற்கொள்ளையே இல்லை, ஆயுதக் கொள்ளை. 2001இல் அமேசான் முகத்துவாரத்தில் நங்கூரம் போட்டிருந்த தன் படகிலேயே சுடப்பட்டுச் செத்த நியூசிலாந்துப் பாய்ப்படகு வீரர் பீட்டர் பிளேக்குக்கு அந்த வித்தியாசம் ரொம்ப உதவியிருக்கும்.

பயத்தில் இழுத்த கோடு எங்களையும் விடவில்லை. 'அபாயப் பகுதி' என்று கிழக்குத் தீர்க்கரேகை 78 பாகை வரை நீட்டினார்கள், ஏறக்குறைய எங்கள் தூத்துக்குடி வரை. 2012இல் கேரளக் கரைக்கு அப்பால் இரண்டு மீனவர்களைக் கொள்ளையர் என்று நினைத்து இத்தாலியக் கப்பல் காவலர்கள் சுட்டார்கள். ஒருவர் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். 'அஸ்ஃபால்ட் வெஞ்சர்' கப்பலைக் கடத்திய சோமாலியக் கொள்ளையர் அதற்குப் பணம் வாங்கிக்கொண்ட பிறகும் ஏழு இந்தியர்களை மட்டும் விடாமல் 2014 வரை வைத்திருந்தார்கள். அப்போது இதையெல்லாம் எழுதித் தங்களுக்கு இரண்டு கடிதம் போட்டேன். இடப் பற்றாக்குறை போலும். இந்த முறை ஒற்றைக் கண் கட்டும் தோளில் கிளியுமாக ஒரு கொள்ளைக்காரன் படத்துக்கு அரைப் பக்கம் கிடைத்திருக்கிறது, சந்தோஷம்.

திருத்தம் போடுங்கள் என்று கேட்கமாட்டேன். முன்பு அனுப்பிய கடிதம் ஒன்றோடு ஒரு போட்டோ வைத்திருந்தேன். பிரதி கிடையாது. அதையாவது திருப்பி அனுப்பவும், தபால்தலை ஒட்டிய உறை இத்துடன் இருக்கிறது. அடையாளத்துக்குச் சொல்கிறேன்: ரெயிலிங் ஓரம் நான்கு பேர் நிற்பார்கள். இடது ஓரத்தில் ஹெல்மெட் இல்லாமல் நிற்பது நான். மற்ற மூன்றும் பொம்மை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற போசன்,
தூத்துக்குடி