ஆய்வேடு மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு,

முனைவர் பட்ட ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் காற்புள்ளி விடுபட்டாலும் திருத்தச் சொல்லும் நெறியாளர்கள், அதே மாணவர் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கும்போது கண்டுகொள்வதில்லை. மாணவர்களோ ஒரே விண்ணப்பக் கடிதத்தில் பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் மாற்றி அனுப்புகிறார்கள். சிலர் அதையும் மாற்ற மறந்துவிடுகிறார்கள்! தேர்வுக் குழுக்களில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன், அத்தகைய விண்ணப்பங்கள் முதல் சுற்றைத் தாண்டுவதில்லை. நேர்காணலில் பிற துறையினருக்கும் புரியும்படி ஆய்வை விளக்கச் சொன்னால், ஆய்வேட்டின் முதல் இயலை ஒப்பிக்கிறார்கள். என்ன பாடம் நடத்துவீர்கள் என்று கேட்டால் மௌனம்தான். பட்டம் பெறுவதற்கு ஓராண்டு முன்பே துறைகள் மாதிரி நேர்காணல் நடத்தலாமே. பரிந்துரைக் கடிதத்துக்காகக் கடைசி நாளில் மாணவர்களை அலையவிடவும் வேண்டாம். பட்டம் பெறுவோரைவிடப் பணியிடங்கள் குறைவு என்பதைச் சேர்க்கையின்போதே சொல்லிவிடுவதுதான் நேர்மை.

– ஓய்வுபெற்ற பேராசிரியர்