தண்டனை யாருக்கு?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. கண்புரை அறுவை முடிந்து, டாக்டர் படிக்க அனுமதித்த பிறகுதான் பிரித்தேன். உன் மகன் பட்டாலியன் தளபதியாகிவிட்டான் என்பதில் எனக்கும் பெருமைதான். துவண்டுபோன பட்டாலியன் அவன் கைக்கு வந்திருப்பதுதான் உன்னைத் தூங்கவிடவில்லை போலிருக்கிறது. போனவுடன் அனல் பறக்க ஒரு பேச்சு, கூடவே நாலைந்து ஜவான்களுக்குக் கடுந்தண்டனை, எல்லாரும் வழிக்கு வந்துவிடுவார்கள் என்று அவனுக்கு எழுதியிருக்கிறாய். தண்டனை வேண்டியதுதான். யாருக்கு என்பதில்தான் உன்னோடு எனக்குச் சண்டை.

படுத்திருந்த நாட்களில் இரண்டாம் உலகப் போரின் பிரிட்டிஷ் ஜெனரல் வில்லியம் ஸ்லிம்மைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். 1942-இல் ஜப்பானியரிடம் தோற்று பர்மாவிலிருந்து இந்தியா வரை பின்வாங்கி வந்தவர். 1943 அக்டோபரில் அந்த எல்லைப் படையின் பொறுப்பு அவரிடம் வந்தது. அதுதான் 14-ஆவது ராணுவம். அதில் பெரும்பான்மையினர் இந்தியச் சிப்பாய்கள். காட்டில் ஜப்பானியனை வெல்லவே முடியாது என்ற எண்ணம் எல்லார் மனத்திலும் ஊறிக் கிடந்தது. அந்த ஆண்டு காயம்பட்டவன் ஒருவனுக்கு 120 பேர் வீதம் நோயால் களத்தை விட்டு வெளியேறினார்கள். மலேரியாவைத் தடுக்க மெபாக்ரின் மாத்திரை இருந்தது; விழுங்கத்தான் ஆளில்லை. ஸ்லிம் என்ன செய்தார் தெரியுமா? முன்னறிவிப்பின்றி ஒரு பிரிவு முழுவதையும் பரிசோதிக்கச் சொன்னார். 95 சதவீதத்துக்குக் குறைவானவர்களே மாத்திரை விழுங்கியிருந்தால் அதன் தளபதிக்குப் பதவி போயிற்று. மூன்று தளபதிகளை நீக்கியதும் மற்றவர்களுக்குப் புரிந்துவிட்டது. மாத்திரையைத் துப்பிய சிப்பாயைத் தேடிப்பிடித்து அடைப்பது எவ்வளவு சுலபம்! அவர் அந்த வழிக்குப் போகவில்லை.

முன்னணியில் ஏதாவது ஒரு பிரிவுக்கு ரேஷன் பாதியானால் தன் தலைமையகத்துக்கும் பாதியாக்கிவிடுவார். அதனால் முன்னணிக்கு ஒரு மூட்டைகூடக் கூடுதலாகப் போகாது. ஆனால் பசித்த வயிற்றோடு உட்கார்ந்திருக்கும் ஸ்டாஃப் அதிகாரி சப்ளை கோப்பை அன்றைக்கே பார்ப்பான்.

பேச்சை அவர் வேண்டாமென்று ஒதுக்கவில்லை. ஜீப்பில் ஊர் ஊராகப் போய், கூர்க்காவிடம் கூர்க்காலியிலும் மற்றவர்களிடம் உருதுவிலும் பேசியவர். ஆனால் பேச்சை நம்பி யாரையும் போருக்கு அனுப்பவில்லை. முதலில் சிறு ரோந்துகள். அவை வென்று திரும்பியதும் அந்தக் கதைகள் முகாம் முகாமாகப் பரவின. பிறகு தாக்குதல்கள்: எதிரியின் சில டஜன் பேர் கொண்ட ஒரு பிளாட்டூனுக்கு எதிராகப் பல நூறு பேர் கொண்ட ஒரு முழு பட்டாலியன், சில பிளாட்டூன்கள் சேர்ந்த ஒரு கம்பெனிக்கு எதிராகச் சில பட்டாலியன்கள் சேர்ந்த ஒரு பிரிகேட், பீரங்கியும் விமானமும் வேறு. இத்தனை சிறிய எதிரிக்கு இவ்வளவு படையா என்று முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள். எனக்கு அந்தக் கணக்கில்தான் அவருடைய மேதைமை தெரிகிறது. தோற்றுத் தோற்று மரத்துப்போனவனுக்கு முதல் சண்டையைத் தோற்கவே முடியாதபடி அமைத்துக் கொடுத்தார். 1944-இல் இம்பாலிலும் கோஹிமாவிலும் நின்று வென்றது இதே படைதான்.

நீ அமெரிக்க ஜெனரல் ரிட்ஜ்வேயைத்தான் எடுத்துக்காட்டுவாய், தெரியும். மார்பில் கையெறிகுண்டைக் கட்டிக்கொண்டு நின்ற படம் உனக்குப் பிடித்தமானதாயிற்றே. எனக்கு அது கொஞ்சம் நாடகமாகவே படுகிறது. 1950 டிசம்பர் கடைசியில் கொரியாவில் அவர் பொறுப்பேற்றபோது அமெரிக்காவின் 8-ஆவது ராணுவம் சீனர்களின் தாக்குதலுக்கு முன் பின்வாங்கிக்கொண்டிருந்தது. ஜனவரி தொடக்கத்தில் சோல் நகரமும் கைவிட்டுப் போயிற்று. அந்தக் குளிரில் அவர் ஜீப்பில் உபரிக் கையுறைகளை வைத்துக்கொண்டு, வெறுங்கையோடு நிற்பவனுக்குக் கொடுத்ததையும், வீட்டுக்குக் கடிதம் எழுதத் தாளில்லை என்று கேட்டவுடன் வரவழைத்ததையும் பார். சாலையை விட்டு நகராமல், எதிரி எங்கே என்றே தெரியாமல் இருந்த அதிகாரிகளை மலைமேல் ஏறிப்போய்த் தேடச் சொன்னார். சோர்ந்துபோன டிவிஷன் தளபதிகள் சிலரை, மரியாதை குறையாமல்தான், ஊருக்கு அனுப்பினார். அவரும் முதலில் ஜனவரி 15-இல் ஒரு படையணியை முன்னே அனுப்பிப் பார்த்துவிட்டு, பிறகுதான் 25-இல் பெரிய தாக்குதலைத் தொடங்கினார். மார்ச் நடுவில் சோல் மீண்டும் கைக்கு வந்தது. ஆட்கள் பெரும்பாலும் பழைய ஆட்களேதான்!

உன் மகனுக்கு அடுத்து எழுதும்போது என் சார்பாக இரண்டு கேள்விகளைக் கேள். அவனுடைய கம்பெனிகளில் விடுப்பு நிலுவை அதிகம் எதில், அந்தக் கம்பெனித் தளபதி கடைசியாக எப்போது விடுப்பில் போனார்? ரோந்து முடித்துத் திரும்புகிறவர்கள் சொல்வதை உட்கார்ந்து கேட்பது யார், அவனா, எழுத்தரா? பதில் வந்தால் எனக்கும் எழுது. தங்கைக்கு என் அன்பைச் சொல்.

என்றும் உன்,
பழைய சண்டைக்காரன்