ஏசி, குளிர்பதனத் தொழிலாளர் சங்கம், மதுரை: 2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களே, முன்னாள் நிர்வாகிகளே, வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2025 ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான அறிக்கை இது. செயற்குழு மாதாமாதம் கூடியது. ஏப்ரல், மே மட்டும் விதிவிலக்கு. அந்த இரண்டு மாதம் நம் ஆட்களைப் போனில் பிடிப்பதே பெரும்பாடு, கூட்டத்துக்கு யார் வருவார்? தீர்மானப் புத்தகம் மேசைமேல் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

சென்ற பொதுக்குழுவில், இடத்தை நேரில் பார்க்காமல் எந்த உறுப்பினரும் ஏசி இத்தனை டன் (குளிரவைக்கும் திறன்), இன்ன மாடல் என்று போனில் சொல்லக்கூடாது என்று தீர்மானம் போட்டோம். கைதட்டியவர்களே வெளியே டீக்கடையில் முணுமுணுத்தார்கள். ‘ரூம் பத்துக்குப் பன்னெண்டா? ஒரு டன் போதும்’ என்று உடனே சொல்லும் ஆளிடம் பார்ட்டி போய்விடும் என்பது அவர்கள் கவலை. சில பார்ட்டிகள் போகத்தான் செய்தன. ஆனால் சங்கத்துக்குப் பஞ்சாயத்துக்கு வந்த விவகாரங்களைப் பிரித்துப் பார்த்தால், மெஷின் பழுதால் வந்தவை குறைவு. கட்டடத்துக்கு ஒத்துவராத மெஷினை மாட்டியதால் வந்தவைதான் அதிகம். அதனால் இந்த அறிக்கையில் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்குகிறேன்.

முதலில் வீடுகள். அடுக்குமாடியில் ஒரே அளவு படுக்கையறை, ஒரே பில்டர். நடுமாடிக்காரருக்கு ஒரு டன் தாராளம். மேல்மாடிக்காரருக்கு ஒன்றரை டன்னும் திணறுகிறது. காங்கிரீட் தளம் பகல் முழுக்க வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, ஆள் படுக்கப் போகும் நேரத்தில் உள்ளே இறக்குகிறது. மேற்குச் சுவரும் அதே கதை. இப்படிப்பட்ட வீட்டில் இரண்டு டன் விற்றுவிட்டு வருவது சுலபம். அதற்கு முன்னால் மொட்டைமாடிக்கு ஏறுங்கள். தட்டு ஓடு பதித்திருக்கிறதா, வெள்ளைக் கூலிங் பெயின்ட் அடித்திருக்கிறதா, வெறும் தளமா என்று பாருங்கள். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி அடித்து, மேலே தட்டு ஓடு பதித்த பழைய கொத்தனார்கள் மழைக்காக மட்டும் அதைச் செய்யவில்லை. பெயின்ட் அடிக்கச் சொன்னால் நமக்கு வியாபாரம் குறையும் என்று கேட்ட தம்பிக்கு ஒரு பதில்: சரியாகக் குளிராத ஏசிக்கு வருஷம் முழுக்க ஓசி சர்வீஸ் போவதைவிட அது லாபம்.

பெரிய மெஷின் போட்டால் நல்லதுதானே என்ற நினைப்பும் மாற வேண்டும். ஃபிக்ஸட் ஸ்பீடு ஏசி, அதாவது கம்ப்ரசர் ஒரே வேகத்தில் ஓடும் ரகம், தேவைக்கு மேல் பெரிதாக இருந்தால் அறையைச் சட்டென்று குளிரவைத்துவிட்டுக் கம்ப்ரசர் நின்றுவிடும். காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்க நேரம் கிடைக்காது. ஐப்பசி மாதத்தில் ‘ஜில்லுன்னு இருக்கு, ஆனா உடம்பு பிசுபிசுங்குது’ என்று வரும் போன்களில் பாதி இதனால்தான். இன்வெர்ட்டர் மெஷின் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடும் என்பதால் ஓரளவு சமாளிக்கும். அதற்காக அளவில் கவனமில்லாமல் இருந்துவிட முடியாது.

கரண்ட் பில்லையும் முதலிலேயே பேசிவிடுங்கள். ராத்திரி எட்டு மணி நேரம், சராசரியாக மணிக்கு 0.8 யூனிட் என்று வைத்தாலே இரண்டு மாதத்துக்கு 384 யூனிட் வருகிறது. ஃப்ரிட்ஜ், மோட்டார், மிக்ஸி எல்லாம் சேர்ந்தால் 500ஐத் தாண்டிவிடும். தாண்டினால் வீட்டு இணைப்புக்குக் கணக்கிடும் கட்டண அடுக்கே மாறுகிறது. பில் வந்தபிறகு நம்மைத் திட்டுவதைவிட, ரிமோட்டை 24ல் வைத்து ஃபேனையும் மெதுவாக ஓடவிடுங்கள் என்று மாட்டும்போதே சொல்லிவிடலாம். நட்சத்திர முத்திரையுள்ள ரூம் ஏசிகள் ஆன் செய்ததும் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்ற விதி 2020 ஜனவரியிலிருந்து இருக்கிறது. நம் ஜனங்கள் கை உடனே 18க்குப் போகிறது. ஸ்டார் ஸ்டிக்கரில் வருஷத்தையும் பாருங்கள். அளவுகோலை அவ்வப்போது கூட்டுகிறார்கள், பழைய ஸ்டாக்கின் ஐந்து ஸ்டாரும் புதிய ஐந்து ஸ்டாரும் ஒன்றல்ல.

மாசி வீதிகளுக்கு உட்பட்ட பழைய வீடுகள் தனி ரகம். சுவர் கனமானது, கூரை உயரமானது, பல வீடுகளில் நடுவில் முற்றம். சூடான காற்று மேலேறி முற்றத்து வழியாக வெளியேறும்படி கட்டியவை. இப்போது அந்த முற்றத்தின் மேல் கண்ணாடி ஷீட்டைப் போட்டு மூடிவிட்டு, வீடு கொதிக்கிறது, ஏசி வேண்டும் என்று கூப்பிடுகிறார்கள். நியாயமாகப் பார்த்தால் அங்கே முதல் வேலை ஷீட்டைத் தூக்கி ஓரத்தில் காற்றுவழி விடுவது. திருமலை நாயக்கர் மகாலுக்குள் நடுப்பகலில் நின்று பார்த்தவர்களுக்கு உயரமும் கனமும் என்ன செய்யும் என்று தெரியும். அப்புறம், ஓட்டுக் கூரை வீட்டில் முழு வீட்டையும் குளிர்விக்கப் பார்க்காதீர்கள். குளிர்காற்று ஓட்டு இடுக்கு வழியாகப் போய்க்கொண்டே இருக்கும். ஒரு படுக்கையறையைத் தேர்ந்தெடுத்து, சீலிங் அடித்து, அதற்கு மட்டும் ஏசி போட்டால் போதும்.

அங்கே பெரிய சிக்கல் அவுட்டோரை (வெளியே வைக்கும், சூட்டை வெளியேற்றும் பெட்டியை) எங்கே மாட்டுவது என்பதுதான். இரண்டு முழச் சந்தில் மாட்டினால் விட்ட சூடான காற்றையே அது திரும்ப இழுக்கும். பிரஷர் ஏறி, மெஷின் ட்ரிப் ஆகும். எதிர்வீட்டு ஜன்னலுக்கு நேராக மாட்டினால் மெஷினுக்கு முன்னால் எதிர்வீட்டு அக்கா ட்ரிப் ஆவார். பைப் நீளம் கூடினாலும் பரவாயில்லை, மொட்டைமாடிக்கு ஏற்றுங்கள். கூடுதல் நீளத்துக்குத் தேவையான கேஸைக் கம்பெனிக் கணக்குப்படி சேர்த்துவிடுங்கள்.

ஏர் கூலரைப் பற்றி நம் ஆட்கள் கேவலமாகப் பேசுவதை நிறுத்தலாம். மே மாத மத்தியானம் 40 டிகிரி வெயில், காற்றில் ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் நல்ல கூலர் 28 டிகிரி வரை இறக்கிவிடும். காற்று வெளியேற ஒரு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அதே கூலரை ஐப்பசி மழையில் ஓட்டினால் சுவரில் பூஞ்சைதான் மிச்சம். வாடகை வீடு, கடை, தையலகம் போன்ற இடங்களில் கோடைக்கு மட்டும் வேண்டுமென்றால் கூலரையே சொல்லுங்கள். போர்வெல் தண்ணீர் ஊற்றினால் பேடில் உப்புப் படியும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இந்த ஆண்டு நம்மை அதிகம் அலையவிட்டவை கல்யாண மண்டபங்கள். சதுர அடியை வைத்து டன் போடுகிற பழக்கம் இங்கே அடியோடு தப்பு. உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள் ஏறக்குறைய 115 வாட் சூடு விடுகிறார். ஒரு டன் என்பது மூன்றரை கிலோவாட். முப்பது பேருக்கு ஒரு டன் ஆட்களுக்கே போய்விடுகிறது. அறுநூறு பேர் உட்கார்ந்தால் ஆள்சூட்டுக்கு மட்டும் இருபது டன். விளக்கு, வீடியோக்காரர் லைட், திறந்தே கிடக்கும் வாசல், உள்ளே விடவேண்டிய வெளிக்காற்று எல்லாம் அதற்கு மேல். முகூர்த்தம் காலை ஆறிலிருந்து ஏழரைக்குள் என்றால் தளத்துச் சூடு அப்போது பெரிய பிரச்சினையே அல்ல. அதே மண்டபத்தில் மாலை ரிசப்ஷன் என்றால் தளமும் ஆளும் சேர்ந்துகொள்ளும். மாலைக் கூட்டத்துக்குத்தான் கணக்குப் போட வேண்டும்.

ஒரே பெரிய டக்டபிள் மெஷின், அதாவது குளிர்காற்றை டக்ட் குழாய் வழியாக ஹாலுக்கு அனுப்பும் மெஷின், மலிவாகத் தெரியும். தாலி கட்டும் நேரத்தில் அது நின்றால்? புறநகர் மண்டபம் ஒன்றில் நடந்தது. ஊர் பேர் வேண்டாம். எட்டரை டன், பதினொரு டன் என்று நாலைந்து மெஷினாகப் பிரித்துப் போட்டால் ஒன்று போனாலும் கல்யாணம் நடக்கும். சின்ன நிச்சயதார்த்தத்துக்கு இரண்டை மட்டும் ஓட்டிக்கொள்ளலாம். கரண்ட் காசைப் பெண்வீட்டாரிடம் தனியாக வசூலிக்கும் மண்டபங்களில் இது சண்டையையும் குறைக்கிறது. ஹோமப் புகைக்கு மணவறைக்கு மேலே தனி எக்ஸாஸ்ட் வையுங்கள். இல்லையென்றால் மெஷினுக்குத் திரும்பிப் போகும் ரிட்டர்ன் காற்று அந்தப் புகையையே இழுத்து ஹால் முழுக்கப் பரப்பும், ஃபில்டரும் கருத்துவிடும். பந்தி ஹாலுக்கு ஏசி போடச் சொல்பவர்களிடம் வாதாடுங்கள். சோற்று ஆவியும் சாம்பார் ஆவியும் ஏறும் இடத்தில் ஏசி போடுவது ஆற்றில் புளியைக் கரைப்பதுதான். மெதுவாகச் சுற்றும் பெரிய ஃபேனும் நல்ல எக்ஸாஸ்டும் போதும். ஆடியிலும் மார்கழியிலும் மண்டபம் பூட்டிக் கிடக்கும்போது எலி ஒயரைக் கடிக்கும். அந்த மாதங்களில்தான் சர்வீஸை வைத்துக்கொள்ள வேண்டும், தை பிறந்தபிறகு அல்ல.

மருத்துவமனை விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆபரேஷன் தியேட்டரில் ஸ்ப்ளிட் ஏசி மாட்டச் சொல்லி எந்த டாக்டர் கேட்டாலும் மாட்டக்கூடாது. அது உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கும். தியேட்டருக்கு மணிக்கு 20 தடவையாவது காற்று மாற வேண்டும், அதில் ஒரு பங்கு வெளிக்காற்றாக இருக்க வேண்டும், நுண்ணிய தூசியையும் கிருமியையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் வழியாக வர வேண்டும், உள்ளே அழுத்தம் கூடுதலாக இருக்க வேண்டும். அதற்கு ஏஹெச்யூ, அதாவது காற்றை வடிகட்டிக் குளிர்வித்து அனுப்பும் தனி மெஷின் வேண்டும். தெரியாதவர்கள் தெரிந்த உறுப்பினரிடம் வேலையைக் கைமாற்றிவிடுங்கள், கமிஷன் கிடைக்கும்.

விளக்குத்தூண் பக்க ஜவுளிக்கடைகளுக்கு வாசலில் ஏர் கர்ட்டன் (மேலிருந்து காற்றுத் திரை விடும் மெஷின்) இல்லாமல் டன் போடாதீர்கள். சர்வர் அறைக்கு ஒரே மெஷின் கூடாது. இரண்டு வைத்து டைமரில் மாற்றி மாற்றி ஓட்டுங்கள். கப்பலூர் தொழிற்பேட்டை ஷெட்டுகளில் தகரக் கூரைக்கு அடியில் இன்சுலேஷனும் மேலே சுழலும் வென்டிலேட்டரும் டக்ட் கூலரும் போதும். ஆபீஸ் அறைக்கு மட்டும் ஏசி.

சூடாக்கும் பக்கம் மதுரையில் என்ன வேலை என்று கேட்பவர்கள் கோயிலைச் சுற்றியுள்ள லாட்ஜ்களைப் பார்க்க வேண்டும். விடியற்காலைத் தரிசனத்துக்கு எல்லா அறையிலும் ஒரே நேரத்தில் வெந்நீர் திறக்கிறார்கள். இருபது அறையில் 2 கிலோவாட் கீசர் என்றால் அந்த ஒரு மணி நேரத்துக்காக 40 கிலோவாட் லோடு வாங்கி வைக்க வேண்டும். சோலார் நல்லதுதான். ஆனால் கண்ணாடிக் குழாய் ரகம் நம் ஊர் உப்புத் தண்ணீரில் சீக்கிரம் படிந்துபோகிறது. தண்ணீர் நேராகப் போகாத, ஹீட் எக்ஸ்சேஞ்சர் வைத்த தட்டை ரகம் தாங்குகிறது. மாடியில் இடமில்லாத லாட்ஜுக்கு ஹீட் பம்ப். ஆயிரம் லிட்டரை 28லிருந்து 50 டிகிரிக்குக் கொண்டுவரக் கீசருக்கு 26 யூனிட் தேவை. ஹீட் பம்ப்புக்கு எட்டு, ஒன்பது யூனிட் போதும். அது சூட்டை உண்டாக்குவதில்லை, வெளிக்காற்றிலிருந்து இழுத்துக் கொடுக்கிறது. நம் ஊர்க் காற்றில் சூட்டுக்கா பஞ்சம்? ராத்திரியே தொட்டியை நிரப்பிவைத்தால் காலை லோடும் இல்லை. மெஷின் விலை அதிகம் என்று ஓனர்கள் தயங்குகிறார்கள். பத்து அறைக்குக் குறைவான லாட்ஜில் அந்தத் தயக்கம் நியாயம்தான்.

கொடைக்கானல் காட்டேஜ் வேலை எடுக்கும் உறுப்பினர்கள் ஹாட் அண்ட் கோல்டு ஸ்ப்ளிட் அல்லது ஆயில் ஹீட்டர் சொல்லுங்கள். மூடிய அறைக்குள் கரி அடுப்பு வைத்துத் தூங்கி உயிர்போன சம்பவங்கள் அங்கே நடந்திருக்கின்றன. கரி விடும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்ஸைடுக்கு மணம் கிடையாது. ஓனரிடம் கரி அடுப்பை எடுக்கச் சொல்வதும் நம் வேலையில் சேர்த்திதான்.

பாதுகாப்பு வகுப்பு ஆண்டு நடுவில் நடந்தது. பழைய ஆர்22 கேஸ் மெஷினில் ஆர்32 கேஸை ஏற்றக்கூடாது. ஆர்32 லேசாகவும், ஆர்290 நன்றாகவும் தீப்பற்றும். லீக் பார்க்க நைட்ரஜன் மட்டும்தான். ஆக்சிஜன் சிலிண்டரை மாட்டினால் கம்ப்ரசர் ஆயிலோடு சேர்ந்து வெடிக்கும். இதை ஒவ்வொரு ஆண்டும் சொல்கிறேன், அடுத்த ஆண்டும் சொல்வேன்.

செப்டம்பர் 22 முதல் ஏசிக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முந்தைய மாதம் எல்லோரும் வாங்குவதைத் தள்ளிப்போட்டதால் சும்மா உட்கார்ந்திருந்தோம், அப்புறம் மூச்சுவிட நேரமில்லை.

நேரில் பார்ப்பதற்கான படிவத்தை ஒரே பக்கத்தில் அச்சடித்திருக்கிறோம்: தளம், திசை, ஆள் எண்ணிக்கை, பயன்படுத்தும் நேரம், அவுட்டோர் இடம், மீட்டர் லோடு. கட்டு வாசலில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். பார்வைக் கட்டணம் வாங்கலாமா, வாங்கினால் வேலை கிடைத்தபின் கழிக்கலாமா என்பதை இன்றைய கூட்டம் முடிவு செய்ய வேண்டும். கழிக்கலாம் என்பது என் கருத்து.

சங்கத்து வேக்குவம் பம்ப்பும் நைட்ரஜன் ரெகுலேட்டரும் இரவல் போய்த் திரும்பவில்லை. யாரிடம் இருக்கிறது என்று பதிவேட்டில் இருக்கிறது. பெயரை இங்கே வாசிக்கவில்லை. மாசிக்குள் வந்துவிட வேண்டும்.

இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்