லேசர் சிகிச்சையும் கண்ணின் இரத்த ஓட்டமும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் இதழின் மருத்துவக் கேள்வி–பதில் பகுதியில், சர்க்கரை நோயால் விழித்திரை பாதிக்கப்பட்ட வாசகர் ஒருவருக்கு, 'லேசர் வைத்தால் கண்ணுக்கு இரத்த ஓட்டம் கூடி நரம்பு பலப்படும்' என்று பதில் தரப்பட்டிருந்தது. லேசர் வைத்துக்கொள்ளுங்கள் என்ற அறிவுரை சரியானது. அதற்குச் சொல்லப்பட்ட காரணம் நேர்மாறானது. உயிரியல் ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன், இரு கண்களிலும் லேசர் வைத்துக்கொண்டவன் என்ற இரண்டு உரிமைகளில் இதை எழுதுகிறேன்.

விழித்திரைக்கு இரத்தம் இரு வழிகளில் வருகிறது. உள்ளடுக்குகளுக்கு விழித்திரையின் சொந்தத் தமனிகள் உண்டு; ஒளியை உணரும் குச்சி செல்களும் கூம்பு செல்களும் பின்னாலுள்ள விழியடிக் கரும்படலத்தை நம்பியிருக்கின்றன. கண்ணுக்கு வரும் இரத்தத்தில் பெரும்பங்கு இக்கரும்படலத்துக்கே போகிறது என்றாலும், அங்கிருந்து வரும் ஆக்சிஜனில் பெரும்பகுதியை அந்த ஒளியுணர் செல்களே செலவழித்துவிடுகின்றன. நீண்டகாலச் சர்க்கரை நோயில் உள்ளடுக்கின் தந்துகிகள் ஒவ்வொன்றாக அடைபடும்போது, மூச்சுத்திணறும் அத்திசு வி.ஈ.ஜி.எஃப். என்னும் இரத்தக்குழாய் வளர்ச்சிக் காரணியைச் சுரக்கிறது. அதன் தூண்டுதலால் முளைக்கும் புதுக் குழாய்கள் வலுவற்றவை. அவை கசிந்தும் வெடித்தும் பார்வையைப் பறிக்கின்றன.

லேசர் அந்தக் குழாய்களைக் குறிவைத்துச் சுடுவதாகவே பலர் எண்ணுகிறார்கள். பெரும்பாலும் சுடப்படுவது, பார்வையின் மையத்தை விட்டுவிட்டு, விழித்திரையின் ஓரப்பகுதி. வழக்கமான முறையில் அரை மில்லிமீட்டர் அளவுள்ள 1200 முதல் 1600 புள்ளிகள் வரை, சில அமர்வுகளில் வைக்கப்படுகின்றன. நிறமி அடுக்கு ஒளியை வெப்பமாக்க, அதையொட்டிய ஒளியுணர் செல்கள் மடிகின்றன. அவை உண்ட ஆக்சிஜன் இப்போது தழும்பின் வழியே உள்ளடுக்கை எட்டுகிறது. எங்கள் தஞ்சைப் பக்கத்து வழக்கில் சொன்னால், கிணற்றுப் பாசன வயல்கள் சிலவற்றைத் தரிசாகப் போட்டு, அந்த நீரை வாய்க்கால் வறண்ட வயலுக்குத் திருப்புவது போன்றது இது. பிறகு வாய்க்கால் மதகை அவ்வளவு திறந்துவைக்க வேண்டியதில்லை அல்லவா? அதுதான் கண்ணிலும் நடக்கிறது: ஆக்சிஜன் கூடியதும் விழித்திரைத் தமனிகள் தாமாகவே சுருங்குகின்றன, அவற்றின் இரத்த ஓட்டம் குறைகிறது. 1980-களில் லேசர் டாப்ளர் முறையில் (இது சுடும் லேசரன்று; ஒளியைக் கொண்டு இரத்தம் ஓடும் வேகத்தை அளக்கும் முறை) நோயாளிகளின் விழித்திரை இரத்த ஓட்டத்தை அளந்த ஆய்வாளர்கள் இந்தக் குறைவைப் பதிவுசெய்தார்கள். தமனி சுருங்குவதால் அதற்கப்பாலுள்ள தந்துகிகளில் அழுத்தம் தணிந்து, நீர்க்கசிவும் வீக்கமும் குறைய வழியுண்டு என்பது ஐஸ்லாந்து கண் மருத்துவர் ஐனார் ஸ்டெஃபான்சன் வளர்த்தெடுத்த விளக்கம்.

ஆகவே இரத்த ஓட்டம் குறைவதை இங்கே கெடுதியாகக் கொள்ளலாகாது. சிகிச்சை பலித்ததற்கு அது ஓர் அடையாளம். 1970-களில் அமெரிக்காவில் 1700-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் ஒரு கண்ணுக்கு மட்டும் லேசர் வைத்து, மறு கண்ணுக்கு வைக்காமல் ஒப்பிட்டபோது, கடுமையான பார்வையிழப்பு பாதி அளவுக்கும் கீழே குறைந்ததாக 1976-இல் வெளியான முடிவு காட்டியது.

விலை இல்லாமலில்லை. ஓரத்துக் குச்சி செல்களை இழந்த எனக்கு, இருட்டில் வாசற்படி தெரிய முன்பைவிட நேரமாகிறது. வி.ஈ.ஜி.எஃப்-ஐத் தடுக்கும் மருந்தைக் கண்ணுக்குள் ஊசியால் செலுத்தும் முறை ஈராண்டு அளவில் லேசருக்குக் குறைந்ததன்று என 2015-இல் வெளியான ஆய்வு சொன்னது உண்மையே. ஆனால் ஊசிக்கு விடாமல் மருத்துவமனைக்கு வந்துகொண்டிருக்க வேண்டும், இடையில் நிறுத்தியவர்களுக்குப் புதுக் குழாய்கள் மீண்டும் முளைக்கலாம்.

இவ்வளவு நீட்டி எழுதக் காரணம், 'கண்ணுக்கு இரத்த ஓட்டம் கூட்டும்' என்று விற்கப்படும் தைலங்களையும் மாத்திரைகளையும், லேசருக்குத் தேதி குறித்த பிறகும் வாங்கிக்கொண்டு நாளைத் தள்ளிப்போடுகிறவர்களை என் தெருவிலேயே பார்க்கிறேன். லேசரும் இவையும் ஒரே வேலையைச் செய்வதாக அவர்கள் நம்புவதற்குத் தங்கள் பதிலும் இடம்கொடுத்துவிடும். அடுத்த இதழில் அதே பகுதியில் ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

தங்கள் நெடுநாள் வாசகர்,
தஞ்சாவூர்