நோட்ஸ் கிடைக்காத பாடம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு, கட்-ஆஃப் எவ்வளவு என்று உங்கள் நாளிதழில் தினமும் பார்க்கிறேன். பெற்றவர்களுக்கு உபயோகமான செய்திகள்தான். ஆனால் சீட்டு வாங்கி உள்ளே போன கொஞ்ச நாளிலேயே பிள்ளைகள் இன்னொரு முடிவும் எடுக்க வேண்டியிருக்கிறது. அதைப் பற்றி யாரும் எழுதிப் பார்த்ததில்லை. பிள்ளைகள் வாயில் என்.எம்.இ. என்று புழங்கும் வேற்றுத் துறைப் பாடத்தைத்தான் சொல்கிறேன்.

நான் வாத்தியார் இல்லை. மதுரையில் ஒரு கலை அறிவியல் கல்லூரி வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பிரிண்ட் அவுட், ஸ்பைரல் பைண்டிங், ஸ்காலர்ஷிப் விண்ணப்பம், ரெக்கார்டு நோட்டு எல்லாம் இங்கேதான். எந்தப் பாடம் எப்படி நடக்கிறது என்பது பிரின்சிபாலுக்கு அடுத்தபடி எதிர்க்கடை ஜெராக்ஸ்காரனுக்குத் தெரியும். சில விஷயங்கள் அவருக்கு முன்னாலேயே தெரியும்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 2008-09 வாக்கில், ஒவ்வொரு பாடத்துக்கும் இத்தனை புள்ளி என்று கணக்கிடும் கிரெடிட் முறை தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பரவலாக வந்தபோது பகுதி நான்கில் இந்தப் பாடமும் வந்தது. பி.காம். படிக்கிற பெண் தாவரவியல் துறையிலோ வரலாற்றுத் துறையிலோ ஒரு பாடம் எடுத்துப் படிக்க வேண்டும். ஒரு செமஸ்டருக்கு வாரம் இரண்டு மணி நேரம், இரண்டு கிரெடிட். பள்ளியில் தமிழே படிக்காதவர்களுக்கு இதற்குப் பதிலாக அடிப்படைத் தமிழ்; பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரியில் வேறு மொழிக்குப் போனவர்களுக்குச் சிறப்புத் தமிழ். இப்படி இரண்டு செமஸ்டர் வரும்; சேர்த்து நாலு கிரெடிட். பட்டத்துக்கு வேண்டியது 140. அதிலும் முதல் வகுப்பு, ரேங்க் என்பதெல்லாம் சொந்தத் துறைப் பாடங்கள் வரும் பகுதி மூன்றை வைத்துத்தான்; பகுதி நான்கில் தேறினால் போதும் என்பதே பெரும்பாலான இடங்களில் விதி.

அப்படியென்றால் மூன்று வருஷப் படிப்பில் பயமில்லாமல், பிடித்ததை எடுத்துப் பார்க்க இருக்கிற ஒரே இடம் இதுதானே? இதற்குத்தான் பிள்ளைகள் அதிகமாகப் பயப்படுகிறார்கள்.

பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் அந்த நாளைப் பார்க்க வேண்டும். கூகுள் ஃபார்ம் காலை பத்து மணிக்குத் திறக்கும் என்று வாட்ஸ்அப்பில் தகவல் வரும். ஒரு பாடத்துக்கு அறுபது பேர், முந்தியவருக்கு இடம். ஒன்பதரைக்கே கடையில் கூட்டம் சேர்ந்துவிடும். உசிலம்பட்டி, மேலூர், வாடிப்பட்டிப் பக்கமிருந்து பஸ் ஏறி வரும் பிள்ளைகள், போனில் நெட் தீர்ந்துவிட்டது என்று என் கம்ப்யூட்டர் முன்னால் நிற்பார்கள். ஃபார்மில் பாடத்தின் பெயர் இருக்கும், துறையின் பெயர் இருக்கும், அவ்வளவுதான். உள்ளே என்ன பாடம், யார் நடத்துவார் என்று ஒரு வரி இருக்காது. காளான் வளர்ப்பு, அலங்கார மீன் வளர்ப்பு, எம்.எஸ். ஆபீஸ், அன்றாட வாழ்வில் வேதியியல், மதுரை வரலாறு என்று வரிசையாகப் போகும். "அண்ணே, எதை எடுத்தா ஈஸி?" என்று என்னைக் கேட்பார்கள். கேன்டீன் எந்தப் பக்கம் என்றே இன்னும் பிடிபடாத பிள்ளைகளுக்கு ஜெராக்ஸ்காரன்தான் கல்வி ஆலோசகர்.

என்னை விட்டால் சீனியர்கள். "அந்த மேடம் கறாரு, அட்டெண்டன்ஸ் போச்சுன்னா போச்சு." "இந்த சாரு இன்டர்னல்ல இருபத்தஞ்சுக்கு இருபத்துமூணு கண்ணை மூடிக்கிட்டுப் போடுவாரு." "அங்க போகாத, ப்ராஜெக்ட் கேப்பாங்க." ஓர் ஆசிரியரைப் பற்றிப் புதுப் பிள்ளைக்குக் கிடைக்கிற தகவல் இந்த மூன்றுதான். நன்றாக நடத்துவாரா என்று கேட்டால் சிரிப்பார்கள். நான் பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். அரியர் விழுந்தால் திரும்ப ஃபீஸ் கட்ட வேண்டும், வீட்டில் பேச்சு வாங்க வேண்டும். குரூப் 4 எழுதுகிற எண்ணத்தில் போட்டித் தேர்வுத் தமிழை எடுக்கிறவர்களாவது காரணத்தோடு எடுக்கிறார்கள். மற்றவர்கள் கூட்டாளிகள் நாலு பேரும் ஒரே வகுப்பில் இருக்கலாம் என்று எடுக்கிறார்கள்.

இனி என் தொழில் ரகசியம் ஒன்று. ஒரு துறையின் பாடத்துக்கு என் கடையில் இருபது பக்க நோட்ஸ் இருக்கிறது. ஒவ்வொரு ஜூலையும் மேலட்டையில் வருஷம் மட்டும் மாறும். முதல் பக்கத்தில் 'பொருளாதாரம்' என்பதில் ஒரு கால் விழுந்திருக்கும். அது விழுந்தபடியே எத்தனையோ பேட்ச் பாஸாகிப் போய்விட்டது. யாரும் திருத்தவில்லை, ஏனென்றால் யாரும் படிக்கவில்லை. பரீட்சைக்கு முந்தின ராத்திரி அதில் பத்துக் கேள்விக்கு டிக் அடித்தால் எட்டு வந்துவிடும். வியாபாரமாகப் பார்த்தால் எனக்கு லாபம் தருவது அந்தப் பாடம்தான். ஆனாலும் யோசனை கேட்கிற பிள்ளைகளிடம் நான் சொல்வது ஒன்றே: எந்தப் பாடத்துக்கு என் கடையில் நோட்ஸ் கிடைக்காதோ, அதை எடு.

காளான் பாடத்துக்கு நோட்ஸ் கிடையாது. நடத்துகிற மேடம் கறார் என்று பெயரெடுத்தவர். மற்ற இடமெல்லாம் ஃபுல் ஆகி, வேறு வழியில்லாமல் அங்கே போய் விழுந்தான் வரலாறு படிக்கிற ஒரு பையன். முதல் வாரம் முழுக்கப் புலம்பல். அப்புறம் பார்த்தால், வைக்கோலைத் துண்டு துண்டாக வெட்டி, ஊறவைத்து, வேகவைத்து, ஈரம் உலர்த்தி, பாலித்தீன் பையில் வித்து ஓர் அடுக்கு வைக்கோல் ஓர் அடுக்கு என்று கட்டித் தொங்கவிட்ட கதையை என் கல்லா முன்னால் நின்று சொல்லிக்கொண்டிருக்கிறான். சிப்பிக் காளானுக்கு மூன்று நாலு வாரம் போதுமாம். அடுத்த வருஷம் பாக்கெட்டில் ஒட்ட லேபிள் அடிக்க வந்தான். பெரிய தொழிலதிபர் ஆகிவிட்டான் என்று சொல்ல வரவில்லை. அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்கிறான், அவ்வளவுதான். ஆனால் அந்த மேடத்தின் பெயரைச் சொல்லும்போது அவன் குரலே வேறு மாதிரி இருக்கும்.

வரலாற்றுத் துறையில் ஒருத்தர் இருந்தார், பிள்ளைகளைக் கீழக்குயில்குடிக்குக் கூட்டிப்போய்ச் சமணர் மலையில் ஏறவைத்து, பார்த்ததை எழுதச் சொல்வார். அதனாலேயே அவர் பாடத்தில் கூட்டம் சேராது. நம் ஊரைச் சுற்றி என்ன இல்லை? கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறந்தார்கள், பஸ் ஏறினால் கொஞ்ச தூரம்தான். மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டியை 2022இல் மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. அங்கேயே தமிழ்-பிராமிக் கல்வெட்டும் இருக்கிறது, சமணர் சிற்பமும் இருக்கிறது, பாண்டியர் காலத்துக் குடைவரைக் கோயிலும் இருக்கிறது. வரலாற்றுக்காரரும் தாவரவியல்காரரும் சேர்ந்து ஒரு செமஸ்டர் நடத்த அந்த ஓர் ஊர் போதாதா?

துறைகளுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பைண்டிங்குக்கு வரும் ஓய்வுபெற்ற துறைத்தலைவர் ஒருவர் சொன்னார்: உதவிப் பேராசிரியர் வாரம் 16 மணி நேரம் வகுப்பெடுக்க வேண்டும் என்பது யு.ஜி.சி. விதி. யாருக்கு மணி குறைகிறதோ அவர் தலையில் என்.எம்.இ. விழும்; பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்தவர், இல்லையென்றால் கௌரவ விரிவுரையாளர். ஆள் சேராவிட்டால் பாடமே போய்விடும் என்பதால் மார்க் தாராளம் என்ற பேச்சு பரவினால் பரவட்டும் என்று விட்டுவிடுவார்களாம்.

என் பெரியம்மா மகள் குடும்பம் அமெரிக்காவில் இருக்கிறது. அவள் பெண் போன வருஷம் அங்கே இளங்கலை சேர்ந்தாள். பட்டத்துக்கு 120 கிரெடிட் என்றால் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படி வெளிப்பாடங்கள்தானாம். பாடத்திட்டத்தையும் ஆசிரியர் பெயரையும் பார்த்து எடுக்கலாம். முதல் ஓரிரு வாரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம். நம் வேலூர் வி.ஐ.டி.யிலும் பாடம், நேரம், ஆசிரியர் மூன்றையும் மாணவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். இது எனக்குப் பிடித்திருக்கிறது. பேராசிரியருக்கு ஸ்டார் போடும் இணையதளம் ஒன்று அமெரிக்காவில் 1999 முதல் நடக்கிறது, அதுதான் பிடிக்கவில்லை. ஆசிரியர் பார்க்க லட்சணமாக இருந்தால் மிளகாய்ப் படம் போடும் வழக்கம்கூட 2018 வரை அதில் இருந்திருக்கிறது. என் கடை வாசலில் நடக்கிற பேச்சே போதும், அதற்கு மிளகாய் வேறு வேண்டாம்.

எனவே மதுரைக் கல்லூரிகளுக்கு நான் கேட்பது ஸ்டாரும் இல்லை, மொபைல் ஆப்பும் இல்லை. எல்லாத் துறைப் பிள்ளைகளும் கலந்து உட்கார வேண்டியிருப்பதால், என்.எம்.இ. வகுப்பு கல்லூரி முழுக்க ஒரே மணியில்தான் வருகிறது. முதல் இரண்டு வாரம் அந்த மணியில் யார் வேண்டுமானாலும் எந்த வகுப்பில் வேண்டுமானாலும் உட்காரலாம் என்று விட்டுவிடுங்கள். ஒரு கிரெடிட்டுக்குப் பதினைந்து மணி நேரம் என்றால் மொத்தம் முப்பது. அதில் நாலு மணி நேரம் போனால் குடிமுழுகிவிடாது. ஃபார்மை அப்புறம் திறங்கள். அதையும் யார் விரல் வேகமோ அவருக்கு என்று வைக்காமல் மூன்று விருப்பம் வாங்கிக் குலுக்கிப் போடுங்கள். நெட் இல்லாத பிள்ளைக்கும் சம வாய்ப்பு கிடைக்கும். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பக்கம் பாடத்திட்டம், நடத்துபவர் பெயர், போன வருஷக் கேள்வித்தாள் இவ்வளவும் முன்கூட்டியே வெளியே வரட்டும். கேள்வித்தாள் வெளியே வந்தால் அதே கேள்வியைத் திரும்பக் கேட்க யாருக்கும் கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

மத்திய அரசின் ஆன்லைன் படிப்புகளுக்கான சுயம் தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர் எப்படி நடத்துகிறார் என்று யூடியூபில் பார்த்துவிட்டு ஒரு பிள்ளை சேர முடிகிறது. அடுத்த கட்டடத்தில் இருக்கும் மேடம் எப்படி நடத்துகிறார் என்று பார்க்க வழியில்லை.

பழைய கேள்வித்தாள்களை ஒட்ட நோட்டீஸ் போர்டில் இடமில்லை என்றால் என் கடைச் சுவர் இருக்கிறது, வாடகை வேண்டாம். நோட்ஸ் ஜெராக்ஸுக்கு மட்டும் பழைய ரேட்தான்.

இப்படிக்கு,
ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர்,
மதுரை.

(கடையும் கல்லூரியும் எதிரெதிர் வாசல் என்பதால் பெயரை வெளியிட வேண்டாம்.)